தானா எரியுமா?

எங்கள் குண்டசாலை வரிசை வீடுகளில் யார் கையிலிருந்தாவது ஒரு பீங்கான் விழுந்தால், சத்தம் அடங்குவதற்குள் ஆறாம் நம்பர் வீட்டிலிருந்து குரல் வரும்.

"யாரு?"

"பீங்கான் ஒடஞ்சிருச்சுக்கா."

"தானா ஒடையுமா? யாரு ஒடச்சா?"

"நான்தாங்கக்கா" என்று ஒருவர் ஒத்துக்கொள்ளும்வரை அக்கா விடமாட்டாள். ஒத்துக்கொண்டுவிட்டால் திட்டு ஒன்றும் கிடையாது. "சரி, காலப் பாத்து வெச்சுக் கூட்டு" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலைக்குப் போய்விடுவாள். பால் பொங்கி வழிந்தாலும், குழாயை மூடாமல் தண்ணீர் ஓடினாலும் இதே விசாரணைதான். பஸ் போய்விட்டது என்று நான் புலம்பினால், "பஸ்ஸு அது நேரத்துக்குப் போச்சு. நீதான் லேட்டாப் போன" என்பாள். ஆறு வீட்டுக்கும் பொதுவான குழாயடியில் அவளுக்கு 'யாரு அக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதையும் அவள் விசாரித்து, நான்தான் என்று கண்டுபிடித்து, இடுப்பில் குடத்தோடு நின்று வெகுநேரம் சிரித்தாள்.

அவளுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்த் துணி துவைத்து அயன் பண்ணிக் கொடுத்தாள். பல்லேகலயில் கார்மெண்ட் திறந்த பிறகு அங்கே அயன் செக்‌ஷனில் சேர்ந்தாள். இரண்டு முழங்கையிலும் சூடுபட்ட தழும்புகள் கோடு கோடாக இருக்கும். "அயன் சுட்டுருச்சாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "அயன் என்னா செய்யும்? நான் சுட்டுக்கிட்டேன்" என்றாள். தன் விஷயத்திலும் அவள் சலுகை காட்டியதில்லை. அதனால்தான் அவளிடம் யாரும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

நான் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து படித்து, எண்பத்து நான்கில் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவள். குண்டசாலையில் வாடகைக்கு வந்த முதல் நாளே அக்கா எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து, "கவர்மெண்டு வேலையா? சிங்களம் எழுதுவியா?" என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு, ஆனால் பேசத்தான் தெரியும், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. அன்றைக்கே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, நீ என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய புருஷன் மெயின் ரோட்டுக் கடைத்தெருவில் லோன்றி வைத்திருந்தார். வழக்கமாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. சட்டைக் கொலருக்கு உள்பக்கம் அழியாத மையால் அந்த நம்பரைக் குறிப்பார்கள். துணி கொடுத்தவர் கையில் தருகிற துண்டுச் சீட்டிலும் அதே நம்பரை எழுதி, பக்கத்தில் பெயரையும் எழுதுவார்கள். அக்கா ஊரில் பாதிப் பேரை நம்பரால்தான் அறிந்திருந்தாள். "முப்பத்தொண்ணு வீட்ல கல்யாணம்" என்பாள்.

எண்பத்து மூன்று ஆடியில், தமிழர் கடைகளைத் தேடித் தேடி எரித்த நாட்களில், அந்தக் கடையையும் எரித்தார்கள். புருஷன் உள்ளே இருந்தார். அக்கா எதிரில் இருந்த பாண் கடைக்குப் போயிருந்தாள். பாண் கடை நோனா, அந்தக் கடைக்காரச் சிங்களப் பெண்மணி, அவளை இழுத்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, அவள் வாயைக் கையால் பொத்தினாள். பலகை இடுக்கு வழியாக அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மண்ணெண்ணக் கேன ஊத்துனது நாப்பத்தேழு. நீலச் சட்ட. அன்னிக்குக் காலைலதான் எம் புருஷன் அயன் பண்ணிக் குடுத்தாரு. சூடு ஆறல, அப்படியே போட்டுக்கிட்டுப் போனான். வெளியில கொண்டியப் போட்டது இன்னொருத்தன். அவன் மொகத்த நான் பாக்கல. பாக்காதத சொல்லமாட்டேன்."

இதை அவள் என்னிடம் எத்தனை முறை சொன்னாளோ, அத்தனை முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். ஒரு சொல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. யாராவது இரக்கப்பட்டு, "நீங்களாச்சும் உயிர் தப்புனீங்களே" என்றால், "தானாத் தப்பல. பாண் கட நோனா காப்பாத்துனா. அவ பேரையும் சேத்துச் சொல்லுங்க" என்பாள். வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு அந்த நோனாவுக்கு ஒரு சீத்தைத் துணி எடுத்துக்கொண்டு போவாள்.

ஊர் அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து, கரிக்கட்டையாகக் கிடந்த கடையை அவள் கிளறிக்கொண்டிருந்தபோது, துணி கொடுத்தவர்கள் துண்டுகளோடு வர ஆரம்பித்தார்கள். மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்கும் என்பது அதை அவள் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. சிலர் வெட்கப்பட்டுத் துண்டைக் காட்டாமலே திரும்பினார்கள். ஒரு டீச்சர் அம்மா அழுதாள். நாற்பத்தேழும் வந்தான். இரண்டு கால்சட்டையும் ஒரு பெட்ஷீட்டும் கொடுத்திருந்தானாம்.

"துண்டக் குடுங்க மாத்தயான்னு கேட்டு வாங்கி மடியில சொருகிக்கிட்டேன். அவன் கடையப் பாத்தான். 'அனே, பவ்'னு சொன்னான். பாவமாம். சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிப் போனான்."

"நீங்க ஒண்ணும் கேக்கலயாக்கா?"

"என்னா கேக்குறது? யாருன்னு எனக்குத்தான் தெரியுமே."

அந்தத் துண்டு ஒன்றுதான் அவளிடமிருந்த சாட்சி. புருஷனுக்குக் கிடைத்த மரணச் சான்றிதழில் காரணம் 'தீ விபத்து' என்றிருந்தது. அந்தச் சொல்லை வெட்டவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நட்டஈடு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கொடுக்காவிட்டால் போகட்டும். எரித்தார்கள் என்று அரசாங்கம் ஒரு கடுதாசியில் எழுதித் தரவேண்டும்.

எங்கள் கந்தோரில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருந்தார். நல்ல வாசிப்பு, நல்ல பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து அரசியல் கதைப்பார். அக்காவும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து கேட்பாள்.

"எண்பத்து மூண்டைக் கலவரம் எண்டு சொல்றதே பிழை" என்றார் அண்ணர் ஒருநாள்.

"அது சரிங்கண்ணே" என்றாள் அக்கா. "கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிறது. நாங்க யார அடிச்சோம்?"

"அதுதான். இது இனப்படுகொலை. உலகம் அந்தச் சொல்லை ஒத்துக்கொள்ள வேணும். அதுக்குத்தான் நாங்கள் பாடுபட வேணும்."

அக்கா அந்தச் சொல்லை மெதுவாக ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "பெரிய சொல்லுதாங்க. ஆனா அதுலயும் ஆளக் காணோமே."

"அரசாங்கம்தான் ஆள்."

"அரசாங்கமாண்ணே கேனத் தூக்கிட்டு வந்துச்சு? வந்தவனுக்குக் கையி காலு இருந்துச்சு, சட்ட இருந்துச்சு."

"அந்தக் கையிலை கேனைக் குடுத்தது ஆர் பிள்ளை? வாக்காளர் பேர் இடாப்பைப் பாத்துத் தமிழன்ரை கடை எது எண்டு காட்டினது ஆர்?"

"அப்ப அதையும் எழுதுங்க" என்றாள் அக்கா. "குடுத்தவனையும் எழுதுங்க, ஊத்துனவனையும் எழுதுங்க. ஒண்ண எழுதி ஒண்ண விட்றாதீங்க."

அண்ணருக்கு அன்று அவளை மிகவும் பிடித்துப்போனது. கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன், மேடையில் பேசவேண்டும் என்றெல்லாம் சொன்னார். பிறகு யுத்தம் முற்றிய வருஷங்களில் ஒருநாள் கண்டி டவுனுக்குள் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு அண்ணர் வந்து, "பாருங்கோ, குண்டு வெடிச்சுப் போச்சு. இனி எங்களைத்தான் போட்டு உலுப்பப் போறாங்கள்" என்றார்.

"யாருண்ணே வெச்சா?"

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"இப்ப அதைப்பற்றிக் கதைக்கிறது புத்தியில்லை, பிள்ளை."

"அப்ப எங் கட தானா எரிஞ்சுச்சுன்னு அவங்க சொல்றதும் புத்திதானுங்களே."

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு அக்கா மேல்தான் எரிச்சல் வந்தது. ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன என்று நினைத்தேன். அதை நினைக்க எனக்குத்தான் கொஞ்சமும் தகுதியில்லை. ஏனென்றால் அதற்குப் பல வருஷம் முன்பே, அக்கா அரசாங்கத்துக்குப் போட்ட மனு, அந்தப் பெட்டிசம் விஷயம் நடந்து முடிந்திருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவளுடைய பெட்டிசத்தை எழுதினேன். அவள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, நானே சிங்களத்துக்கு மாற்றினேன். விஷயம் இரண்டே வரிதான். என் கணவரை உள்ளே வைத்துக் கொண்டியைப் போட்டு எரித்தார்கள். எரித்தவர்களில் ஒருவருடைய துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். கந்தோரில் கொடுத்தேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. பொலிஸ் அறிக்கை இல்லையாம். மறுபடி அனுப்பினோம். பொருத்தமற்ற விவரங்கள் இருக்கின்றனவாம். மூன்றாம் முறை காரணம் எதுவும் எழுதாமலே திரும்பியது.

எங்கள் சீஃப் கிளார்க் கெட்ட மனிதர் இல்லை. அந்த ஆடியில் கந்தோர்த் தமிழர் நான்கு பேரைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அவர் அந்தத் தாளை என் மேசையில் வைத்து, பென்சிலை எடுத்து ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "மேக்க யன்னே நே, மிஸ்" என்றார். இது போகாது என்று அர்த்தம். வேறொன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

அவர் வட்டம் போட்ட சொல் 'கினி திப்பா'. தீ வைத்தார்கள். 'கினி கத்தா' என்றால் தீப்பிடித்தது. தமிழிலும் அப்படித்தானே, எரித்தது, எரிந்தது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நான் அப்போது தற்காலிக நியமனத்தில் இருந்தேன். நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவர்தான்.

நாலாம் முறை போன பிரதியில் அந்தச் சொல் மாறிப்போயிருந்தது. ஆள் இல்லாத வாக்கியத்துக்கு ஆளுடைய துண்டு எதற்கு? இணைப்பும் விடுபட்டுப்போனது. பெட்டிசம் போய்ச் சேர்ந்தது.

பதில் சிங்களத்தில் வந்தது. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"என்னா போட்டிருக்கு?"

"ஏத்துக்கிட்டாங்கக்கா."

"எரிச்சாங்கன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஏத்துக்கிட்டாங்க" என்றேன் மறுபடியும்.

எதை என்று நான் சொல்லவில்லை. தீப்பிடித்த கடை பற்றிய பெட்டிசத்தை ஏற்றுக்கொண்டோம் என்றுதான் அதில் இருந்தது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அக்கா மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சாயங்காலம் பலாக்காய்க் கறி வைத்து ஆறு வீட்டுக்கும் கொடுத்தாள். கடிதத்தை அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். "கவர்மெண்டே ஒத்துக்கிருச்சு. இன்னும் அந்தச் சாவுப் பத்திரத்த மாத்துனாப் போதும்" என்பாள். காட்டிவிட்டு, "தங்கச்சிதான் எழுதுச்சு" என்று என்னைக் கையால் காட்டுவாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

வெகுகாலம் கழித்து, நடந்தவற்றை விசாரிக்க ஓர் ஆணைக்குழு போட்டார்கள். கண்டியில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் அமர்வு. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு என்பதால் என்னைப் போட்டிருந்தார்கள். அக்கா கார்மெண்டில் லீவு போட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கைப்பையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னோடுதான் பஸ்ஸில் வந்தாள். "இன்னிக்கு அந்த விபத்தை வெட்டிப்புடணும்" என்றாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய கோப்புகளை எங்கே தோண்டி எடுக்கப்போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன்.

தலைவர் நரைத்த தலை, மரியாதையான மனிதர். எழுந்து நின்று கதிரையைக் காட்டி, "வாடிவென்ன அம்மா" என்று உட்காரச் சொன்னார். அக்கா தமிழில்தான் பேசுவேன் என்றாள். எனக்கு இவ்வளவு காலமும் சொன்னதை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். நான் அன்றைக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தேன். கினி திப்பா என்றேன். தலைவர் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"அம்மகே பெத்சமே தியென்னே கினி கத்தா கியலா."

அம்மாவின் பெட்டிசத்தில் தீப்பிடித்தது என்றுதானே இருக்கிறது. அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. எனக்கு வாய் வரவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அக்காவுக்கு அது முழுதாக விளங்கியிருந்தது.

"துண்டு இருக்கும். பாக்கச் சொல்லு" என்றாள் என்னைப் பார்க்காமல்.

தலைவர் கோப்பின் கடைசித் தாள்வரை பார்த்தார். இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடந்த சம்பவம் மிகவும் கவலைக்குரியது, அதற்காக வருந்துகிறோம் என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார். அந்த வருத்தத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அக்கா கைப்பையைத் திறந்து கடிதத்தைப் பாதி எடுத்தாள். பிறகு உள்ளேயே வைத்துவிட்டாள்.

மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் எனக்காகக் காத்திருந்தாள்.

"யாரு மாத்துனா?"

"மாறிப்போயிருக்கும்க்கா. கந்தோர்ல அப்படி நடக்கிறதுதான்."

"தானா மாறுமா?"

நான் கையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"துண்டு?"

"காணாமப் போயிருக்கும்."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பீங்கானை உடைத்துவிட்டு, நான்தான் என்று சொல்லத் தயங்கி நிற்பவர்களை அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் பார்த்தாள். சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. அவள் பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் குழாயடியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, "வாங்க மிஸ், நீங்க புடிங்க" என்றாள். கந்தோரில்தான் என்னை மிஸ் என்பார்கள். அக்கா வாயிலிருந்து அதற்கு முன் அந்தச் சொல்லையும் கேட்டதில்லை, நீங்க என்பதையும் கேட்டதில்லை.

சில மாதங்களில் ஆணைக்குழுவிடமிருந்து எல்லோருக்கும் போல அவளுக்கும் அச்சடித்த கடிதம் ஒன்று வந்தது. 'கடந்த காலத்தில் ஏற்பட்ட துயர சம்பவங்களின்போது இடம்பெற்ற உயிரிழப்புகளுக்காக வருந்துகிறோம்.' ஏற்பட்டது, இடம்பெற்றது என்றுதான் இருந்தது. அதற்குள் ஆளைத் தேடினால் அகப்படாது. அந்தத் தமிழை எழுதியவளும் நான்தான். மரணச் சான்றிதழில் விபத்து விபத்தாகவே இருந்தது. தமிழில் இருந்ததால் அக்கா கடிதத்தைத் தானே படித்தாள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அது பிறகு என்னவானது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒருநாள் என் கையிலிருந்து பெரிய பீங்கான் ஒன்று சிமெந்துத் தரையில் விழுந்து நொறுங்கியது. நான் காத்திருந்தேன். ஆறாம் நம்பரிலிருந்து சத்தமில்லை. அவள் வீட்டில்தான் இருந்தாள், அயன் பெட்டியை வைத்து எடுக்கிற சத்தம் கேட்டது. நானே எழுந்துபோய் அவள் வாசலில் நின்றேன்.

"பீங்கான் ஒடஞ்சிருச்சுக்கா."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அதெல்லாம் ஒடையும் மிஸ்" என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் கார்மெண்டில் வயதாகிவிட்டது என்று அவளை நிறுத்தினார்கள். கலஹாவில் தன் கூடப்பிறந்த தங்கை வீட்டோடு போய் இருந்தாள். அங்கேயே இறந்துபோனாள். நான் சாவுக்குப் போயிருந்தேன். மலர்வளையம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், வேறு என்ன.

விறாந்தையில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அவளுடைய பெட்டிசத்தில் அந்தச் சொல்லை மாற்றியவள் நான். சீஃப் கிளார்க் மாற்றச் சொல்லவில்லை, வட்டம்தான் போட்டார். குண்டூசியை உருவித் துண்டைக் கழற்றியவளும் நான். அது காணாமல் போகவில்லை. என் அலுமாரியில், நியமனம் நிரந்தரமான கடிதத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. இரண்டு கால்சட்டை, ஒரு பெட்ஷீட், நம்பர் நாற்பத்தேழு, பக்கத்தில் அவள் புருஷனின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு பெயர். மை இன்னும் மங்கவில்லை. அந்த ஆளும் இன்னும் இருக்கிறான். பஸ்ஸில் கண்டால் எனக்கு இடம் கொடுப்பான்.

இவ்வளவு எழுதினேன், அந்தப் பெயரை எழுதவில்லை. யாரும் வட்டம் போடவில்லை. நான்தான் எழுதவில்லை.